இன்றே, ஆஜ்-இ, டுடே இட்செல்ஃப்

வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்த சுனிதி குமார் சட்டர்ஜி, 1890இல் ஹவுராவின் சிப்பூரில் பிறந்தவர். 1926இல் வெளிவந்த அப்பெருநூலை அவர் எழுதியது ஆங்கிலத்தில். அதே ஹவுராவில் இன்று ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவரை வாட்டுவன இரண்டு: வினையின் காலம், சொல்லின் அழுத்தம்.

ஆங்கிலம் 'டிட் நாட் கோ', 'ஹேவ் நாட் கான்' எனப் பிரிக்கும் இரண்டையும் வங்காளத்தின் 'ஜாயினி' ஒன்றே தாங்கும். தமிழின் 'போகவில்லை'யும் அப்படித்தான். 'சான்று கிடைக்கவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால், தேடல் முடிந்ததா, தொடர்கிறதா என்று முடிவு செய்தாக வேண்டும். காலம் பிசகினால் ஆய்வின் கூற்றே மாறிவிடும்.

அழுத்தத்தின் கதை வேறு. 'ஆஜ்' என்பதோடு 'இ' ஒட்டினால் 'ஆஜ்-இ', தமிழில் 'இன்றே'. ஆங்கிலத்தில் அத்தகைய ஒட்டு இல்லை. பேச்சில் குரலேற்றம் கைகொடுக்கும். எழுத்தில் 'இட் வாஸ்' என்று தொடங்கும் பிளவுத்தொடர் உண்டு. அது கைவராதபோது 'டுடே இட்செல்ஃப்' பிறக்கிறது, ஹவுராவிலும் சென்னையிலும் ஒருங்கே. சிவப்பு மையால் அடிப்போர் பலர். ஏன் பிறந்தது என்று வினவுவோர் சிலர். தொல்காப்பியம் ஏகாரத்திற்கு வகுத்த பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. முன்னதை 'இட்செல்ஃப்' சுமக்கிறது, பின்னதை 'ஒன்லி'.

நம் இடைச்சொல் சொல்லுக்குப் பின்னே நிற்பது; ஆங்கில எழுத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் முன்னே நிற்பது. வாக்கியத்தின் வாலிலிருந்து அதை எடுத்து, அது சுட்டும் சொல்லுக்கு முன் வைத்தால் பாதித் திருத்தம் முடிந்தது.