படியெடுத்தல்

ஏடுகளைப் பெயர்த்தெழுதி வந்தமையாலன்றோ நம் நூல்கள் நிலைத்தன? உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறு படியில்லாத சுவடிகள் அடியோடு அழிந்தன.

சென்ற விடுமுறையில், வெள்ளகோவிலில் எம் மடிக்கணினி திடீரென இயக்கமற்றது. மறைந்த பாட்டியார் தறியோசையினூடே பாடிய தாலாட்டு அதன் வன்தட்டில் மட்டுமே இருந்தது. இரண்டு நாள் எமக்கு உணவு செல்லவில்லை. பழுது பார்ப்பவர் வன்தட்டைக் கழற்றி அதனை மீட்டளித்தார்.

அன்றே புறத்தட்டொன்று வாங்கிக் கோப்புகள் அனைத்தையும் படியெடுத்தோம்; படியிலும் அக்குரல் ஒலித்தலைக் கேட்டறிந்த பின்னரே மனம் அமைந்தது. அத்தட்டு இப்பொழுது அத்தையார் இல்லத்தில் உளது. ஒரே பெட்டியில் வைத்த இரு படியும் ஒருங்கே அழியுமன்றோ?

நண்பர்காள், இன்றே படியெடுமின்!