பாய், படியாள், காலனி

எங்கள் காலனியில் சாயங்காலம் ஆறரை மணிக்கு வகுப்பு. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் போகிற பக்கம். பிள்ளைகள் பதினாலு பேர். தாய் தகப்பன் பெரும்பாலும் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒப்பந்தக் கூலிகள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிக் களைத்து வருகிறதுகளுக்கு மறுபடி பாடம் எதுக்கு என்று போன வருசம் ஒரு நாவலை எடுத்தேன். சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962இல் எழுதிய ‘முதல் ஆசிரியர்’. ரஷ்யப் புத்தகங்கள் மலிவு விலையில் வந்த காலத்துப் பிரதி; அட்டை பிய்ந்தது.

ஒரு பக்கம் வாசிப்போம். தெரியாத சொல்லைச் சுவரில் ஒட்டிய சார்ட்டில் எழுதுவோம். மூன்று கட்டம்: சொல், பொருள், எங்கிருந்து வந்தது. மூன்றாவது கட்டம் நான் எம்.ஏ. தமிழ் படித்த கோளாறு.

கதை 1920களில் ஒரு கிர்கீஸ் மலைக் கிராமத்தில் நடக்கிறது. துய்ஷேன் என்ற இளைஞன் ஒரு பழைய குதிரை லாயத்தைக் கூட்டிப் பெருக்கிப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். அவனுக்கே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பிள்ளைகள் அரிச்சுவடி முடிக்கும் முன்பே லெனின் என்று எழுதுகிறார்கள். பாய், பண்ணைக்கூலி, சோவியத் என்ற சொற்களைக் கற்றுக்கொள்கிறார்கள். புரட்சி என்ற சொல்லை ஒரு வருசம் போனால் சொல்லித் தருவதாக அவன் வாக்குக் கொடுக்கிறான்.

“பாயின்னா பிரியாணிக் கடை பாயாக்கா?” என்றான் ஒருத்தன். வகுப்பே சிரித்தது. கிர்கீஸில் பாய் என்றால் ஆடுமாடும் சொத்தும் உள்ள பெரிய பணக்காரன். பிரியாணிக் கடை பாய் இந்தியில் அண்ணன் தம்பி. நாம் படுக்கிற பாய் தமிழ். ஒரே ஒலிக்குள் மூன்று பேர்.

பண்ணைக்கூலிக்கு நம்ம பக்கத்துச் சொல் என்ன என்று கேட்டேன். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “படியாள்” என்றது. படியால் அளந்த தானியத்துக்கு உழைக்கிற ஆள். “குடுக்குற படி வேற, வாங்குற படி வேற” என்றும் சேர்த்துச் சொன்னது. எந்த அகராதியிலும் இல்லாத அந்த வாக்கியத்தையும் சார்ட்டில் எழுதினோம். என் தாத்தாவும் படியாள்தான். அதை நான் எம்.ஏ. வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போதுதான் ஏழாவது படிக்கிற பெண் கேட்டாள், “காலனின்னா என்னாக்கா?”

அது நாவலில் இல்லாத சொல். ஏன் கேட்கிறாய் என்றேன். பள்ளியில் ஏதோ பாரம் நிரப்பும்போது டீச்சர் அவளைப் பார்த்து, “நீ காலனிதானே?” என்றாராம். “எம்பக்கத்துல உக்காந்திருக்கவ வீட்டு கேட்டுலயும் காலனின்னுதான் போட்டிருக்கு. அவளை அப்பிடிக் கேக்கல.”

ராத்திரி அகராதிகளைப் புரட்டினேன். லத்தீனில் ‘கொலேரே’ என்றால் உழு, பயிரிடு, குடியிரு. ‘கொலோனுஸ்’ உழுகிறவன். ‘கொலோனியா’ அவன் குடியேறிய இடம். பிற்கால ரோமில் அதே கொலோனுஸ் மண்ணோடு கட்டப்பட்ட ஆள் ஆனான். தப்பி ஓட நினைப்பவனை விலங்கிடலாம் என்று 332இல் கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டான். மறுநாள் இதைச் சொன்னதும் பிரியாணிக்காரப் பையன், “அப்ப காலனின்னா படியாள் வீடுதானாக்கா?” என்றான். வெள்ளைக்காரன் கப்பலில் வந்த சொல்லுக்கு அவன் சொன்ன பொருளை நான் எங்கும் படித்ததில்லை.

சேரியின் கதையும் சொன்னேன். சேர்ந்து வாழும் இடம் சேரி. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் ஊரின் பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். பன்னிரண்டு சேரி. பிறகு அவர்கள் அக்கிரகாரத்துக்குப் போய்விட்டார்கள். சொல்லை நம் தலையில் விட்டுவிட்டார்கள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் இந்த வேலையைத்தான் செய்தார். பறைதல் என்றால் சொல்லுதல், உண்மையைப் பறைந்தவர்களே பறையர் ஆக்கப்பட்டார்கள் என்று எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாம் மொழியியலில் நிற்குமா என்று கேட்கிற பேராசிரியர்கள் உண்டு. எல்லாம் நிற்காதுதான். ஆனால் அகராதியை நம் பக்கமிருந்து திறக்கலாம் என்ற தைரியம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. இரண்டு வருச எம்.ஏ.வில் அவர் பேரை ஒருவரும் உச்சரிக்கவில்லை.

2025 ஏப்ரல் 29இல் காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. நான் வரவேற்கிறேன். இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். அந்தப் பெண் யோசித்தாள்.

“பேரை எடுத்துட்டா, டீச்சர் என்னை என்னன்னு கேப்பாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. சார்ட்டில் மூன்றாவது கட்டத்தில் லத்தீனை எழுதிவிட்டு, பொருள் கட்டத்துக்கு ஸ்கெட்ச் பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவள் எழுதினாள்: ‘எந்த இடம்னு தெரிஞ்சிக்க இல்ல, யாருன்னு தெரிஞ்சிக்கக் கேக்குறது.’ எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. அதைத் திருத்திவிட்டு, அவளே அடுத்த பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தாள். பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த ஓடையில் துய்ஷேன் வெறுங்காலோடு இறங்கி, சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடக்கிற இடம்.