ஒரே வீணை, வேறு வேறு விரல்கள்

வீணை கேட்போர் இரு வகையினர். இராகம் இன்னதென்று அறிந்து மகிழ்வோர் ஒரு வகை; வாசிப்பவர் இன்னாரென்று நாதத்தைக் கொண்டே கூறிவிடுவோர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரின் திறமை எமக்கு நெடுநாள் வியப்பாகவே இருந்து வந்தது. பலாமரத்துக் குடம், 24 மெட்டுக்கள், வாசிக்க 4 தந்திகள், தாளத்துக்கு 3 தந்திகள். எல்லா வீணைகளும் இவ்வாறுதானே? பின் நாதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுவது எங்ஙனம்?

இக்கேள்வி அண்மையில் எம் இல்லத்திலேயே ஒரு வழக்காக எழுந்தது. கினிகத்தேனை மழைக்குப் பேர்போன ஊர். மாலையில் உலாவ வழியில்லாத நாட்களில் பழைய இசைப்பதிவுகளைக் கேட்பது எமது வழக்கம். அட்டனில் வீணை பயிலும் எம் மகள், எஸ். பாலசந்தரின் பதிவு ஒன்றைக் கேட்டது முதல், ஆசிரியை கற்பித்த முறையை விட்டு அவரைப் போலவே தந்தியை இழுக்கத் தலைப்பட்டாள். ஆசிரியை வருந்தினார்.

“ஐயா, இவ்வாறாயின் இவளுக்கு என் பாடம் எதற்கு?” என்றார்.

மகளோ, “அப்பா, பாலசந்தர் வீணைக்கு ஒரு குருவிடமும் போகவில்லையே!” என்று வாதிட்டாள்.

தீர்ப்புக் கூறும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது. எமக்குத் தெரிந்த வித்துவான்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தோம். வீணை தனம்மாள் (1867–1938) விரலில் கம்பி வளையம் மாட்டாமல் நகத்தாலேயே மீட்டுவார். அந்த மென்மையான நாதத்தைக் கேட்க, வெள்ளிக்கிழமை மாலைகளில் இரசிகர்கள் அவர் இல்லம் தேடிச் செல்வர். காரைக்குடிச் சகோதரர்களின் வழி வேறு. அழுத்தமும் தெளிவும் உடைய மீட்டு அவர்களுடையது. மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவர் சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். பாலசந்தர் (1927–1990) ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களைப் பிறப்பித்தார். சிட்டிபாபு (1936–1996) ஈமனி சங்கர சாஸ்திரியிடம் முறையாகப் பயின்றவர். ஆயினும் வீணையில் குயிலைக் கூவ வைத்தது அவர் தம் கைவண்ணமே.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் பேஞ்சோவில் தோல் போர்த்த முகமும் 5 தந்திகளும் உண்டு. (பொத்தானை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவையும் நம்மவர் பேஞ்சோ என்பர், அது வேறு.) நம் தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டுவது போல, அதன் குட்டையான ஐந்தாம் தந்தியைக் கட்டைவிரல் மீட்டும். வட கரோலினாவின் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945இல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து, மூன்று விரல்களால் மின்னலென மீட்டி, ‘புளூகிராஸ்’ இசைக்கே அவ்வொலியை அடையாளமாக்கினார். பின்வந்த பில் கீத், ஸ்க்ரக்ஸின் வாசிப்பை ஒலிக்கு ஒலி எழுதிப் பயின்றார். 1968இல் ஸ்க்ரக்ஸ் வெளியிட்ட பாடநூலுக்கும் அவ்வெழுத்துகள் பயன்பட்டன. அவ்வளவு நுணுகிப் பயின்ற கீத்தே, வயலின் மெட்டுக்களைச் சுரம் பிசகாது பேஞ்சோவில் வாசிக்கும் புதுப் பாணியையும் கண்டார்.

இவற்றையெல்லாம் மகளிடம் எடுத்துரைத்தோம். பாலசந்தருக்கு வீணைக் குரு இல்லை என்பது மெய்யே. ஆனால் அவர் சிறுவயதிலேயே கஞ்சிரா, தபேலா, சித்தார் எனப் பல வாத்தியங்களில் கை தேர்ந்தவர். வீணையைத் தொட்டபோது அவர் விரல்கள் வெறும் விரல்கள் அல்ல. தனித்த பாணி வேண்டும் என்னும் ஆசை குற்றமன்று. சரளி வரிசையில் விரல் காய்ப்பேறுமுன் அதைத் தேடுவதுதான் வீண். ஆசிரியையிடமும் ஒன்று வேண்டிக்கொண்டோம்: பாடம் முடிந்தபின் அவள் விருப்பம்போல் வாசிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று. அவரும் முறுவலித்து இசைந்தார்.

இப்பொழுது வாரநாட்களில் ஆசிரியையின் பாணி. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலசந்தரின் பாணி. சென்ற மாதம் இழுத்த இழுப்பில் இரண்டு தந்திகள் அறுந்தன. கொழும்புக்குச் செல்லும் அன்பர் ஒருவரிடம் ஆறு தந்திகள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறோம்.