சுணை நீக்கிய கனி

சப்பாத்திக்கள்ளியை வேலியாக அறிந்தோர் பலர். கனி தரும் செடியாக அறிந்தோர் சிலரே. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அந்த வேலியும் அருகி வருகின்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஒரகடம் வரை ஆலைகள் எழ, கள்ளி நின்ற இடங்களில் மதிற்சுவர்கள் நிற்கின்றன. நாம் வாழும் பென்னலூரில் ஏரிக்கரையோரம் சில புதர்கள் எஞ்சியுள்ளன.

இச்செடி நம் மண்ணுக்குரியதன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வாழ்ந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டைப் பகுதியில் கள்ளித் தோட்டம் அமைத்தார். அவர் நாடியது கனியை அன்று; கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சி தரும் சிவப்புச் சாயத்தை. 1795-இல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ தாழ்ந்த சாயமே தந்தது. சாயத்தொழில் வேரூன்றவில்லை, கள்ளிகள் வேரூன்றின. பிற்காலத்தில் தென்னாட்டு நிலங்களை அடைத்துக்கொண்ட கள்ளியை அழிக்க, 1926-இல் வேறொரு கொச்சினீல் இனத்தையே கொண்டுவர நேர்ந்தது!

கனியைப் பறிக்கும் முறையை ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவரிடம் கண்டோம். பனி உலருமுன் செல்வார்; காற்று முதுகுப்புறம் வீசுமாறு நிற்பார். பெரிய முள்ளுக்கு அஞ்சவேண்டியதில்லை, அது கண்ணுக்குத் தெரியும். கனியின் மேல் கொத்துக்கொத்தாக இருக்கும் மயிர்போன்ற சுணையே தோலில் ஏறி நாள்கணக்கில் உறுத்தும். நன்கு சிவந்த கனியைப் பிளந்த குச்சியால் கவ்வித் திருகுவார். பின் பருமணலில் இட்டு, ஆவாரங்கொத்தால் நெடுநேரம் உருட்டித் தேய்ப்பார். கழுவித் தோலுரித்து, நடுவிலுள்ள நட்சத்திர முள்ளை எடுத்தெறிந்த பின்னரே கனி வாய்க்குப் போகும். விதைகளை மிகுதியாக விழுங்கினால் மலச்சிக்கல் உண்டாகும். துணியில் பிழிந்து சாறருந்துவது நன்று.

இக்கனி இரத்தம் பெருக்கும் என்று இன்று நகரங்களில் விலை கூறி விற்கின்றனர். நிறத்தைக் கண்டு எழுந்த பேச்சோ என்று நமக்கு ஐயம். பீட்ரூட்டிலுள்ள சாய வகையே இதிலும் உள்ளது.

சென்ற கோடையில், ஒடிசாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கனியைப் பறித்தவாறே கடித்துவிட்டான். உதடெங்கும் சுணை. வலி தாளாது அழுதான். மூதாட்டி அவனை மடியில் கிடத்தி, எண்ணெய்த் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"தொடாதடா கண்ணு" என்றார் அவனிடம். பின்பு நம்மை நோக்கி, "இதுக்குச் சொல்லித்தர ஆளில்லையே சாமி" என்றார்.

சிறுவனுக்குத் தமிழ் தெரியாது. மூதாட்டிக்கு ஒடியா தெரியாது. மறுநாள் அவர் மணலில் அமர்ந்து கனியை உருட்ட, அவன் பார்த்திருந்தான். ஒரு வாரத்திற்குள் தன் தங்கைக்குத் தானே முள்ளெடுத்துக் கொடுக்கக் கண்டோம். இருவர் நாவும் செக்கச்செவேலென்றிருந்தன.

இம்மாதம் அப்புதரையொட்டி அளவைக் கற்கள் நடப்பட்டுள்ளன. மேல்மடல்களில் காய்கள் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன.