அட்டை முதலில், பணம் பிறகு

ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி பார்ப்பது. நகல்களை எண்ணி வாங்கிக்கொண்டு ஆள் படியிறங்கிவிடுவார். ஒரிஜினல் ஆதார் அட்டை மூடிக்கு அடியில் கண்ணாடியிலேயே கிடக்கும். ஏடிஎம்மிலும் இதே கதைதான். பணம் வந்த பிறகு அட்டையைத் திருப்பித் தரும் மெஷின்களில் அட்டையை விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். வந்த காரியம் முடிந்ததும் மிச்சமிருக்கும் படி மனதை விட்டு நழுவிவிடுகிறது. பைர்ன், போவேர் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் இதை ஆராய்ந்தார்கள். மனதில் வேறு சுமையும் இருந்தால் இந்தத் தவறு கூடுகிறது என்று கண்டார்கள். ஆகவே ‘அட்டையை மறக்காதீர்’ என்று பலகை மாட்டிப் பெரிய பயனில்லை. அட்டையை உருவினால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்ற வேண்டும். மாற்றினார்கள்.

*

எழுபதுகளில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ‘பிராவோ’ என்றொரு எழுத்துச் செயலி இருந்தது. அதில் ஒரே விசை ஒரு நிலையில் எழுத்து, இன்னொரு நிலையில் கட்டளை. கட்டளை நிலையில் இருப்பது தெரியாமல் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் போச்சு. ‘இ’ முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுக்கும், ‘டி’ அழிக்கும், ‘ஐ’ புதிதாக எழுத்தைச் சேர்க்கத் தொடங்கும், கடைசி ‘டி’ மட்டும் திரையில் மிஞ்சும். அங்கே வேலை பார்த்த லாரி டெஸ்லர் இந்த நிலைமாற்றங்களையே ஒழிக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். கார் நம்பர் பிளேட்டில்கூட ‘நோ மோட்ஸ்’ என்று போட்டுக்கொண்டார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கேப்ஸ் லாக் அழுத்தியிருப்பது தெரியாமல் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் ஒவ்வொருவரும் அவர் கட்சிதான்.

*

ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய ‘ஏழு, இரண்டு கூட அல்லது குறைய’ கட்டுரையைச் சொல்லி, மெனுவில் ஏழு வரிக்கு மேல் கூடாது என்பவர்கள் உண்டு. தப்பு. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மில்லர் பேசியது கண்ணை விட்டு மறைந்த பின் மனதில் நிற்பதைப் பற்றி. நெல்சன் கோவன் 2001இல் அதையும் நாலு கொத்து அளவுக்குக் குறைத்தார்.

அந்தக் கணக்கு உண்மையில் பொருந்தும் இடம் ஓடிபி. ஆன்லைன் விண்ணப்பம் போட வந்த அம்மாள் செல்போனைத் தள்ளிப் பிடித்து ‘நாலு ஏழு ரெண்டு’ என்று நிறுத்துவார். கடைக்காரப் பையன் அடித்துவிட்டு ‘ம், சொல்லுங்கம்மா’ என்பான். பிறகு அடுத்த மூன்று. ஆறு இலக்கத்தை மூன்று மூன்றாக உடைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறையும் இடைவெளியில்லாமல் ஒட்டி அனுப்புகிறவர்கள் இந்த இருவரையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

*

‘நிச்சயமாக அழிக்கவா?’ என்ற கேள்விக்கு விரல் பழகிப்போய் தானே ‘ஆம்’ சொல்லிவிடும். படிப்பதே இல்லை. தவறு உறைப்பது அழுத்திய மறுநொடியில்தான். அனுப்பிய மின்னஞ்சலை முப்பது வினாடி வரை திரும்பப் பெற ஜிமெயில் விடுவது அதனால்தான் நல்ல ஏற்பாடு.

யுபிஐயில் அந்த வசதி கிடையாது, போன பணம் போனதுதான். அதனால் பின் நம்பர் போடுவதற்கு முன்பே பெறுபவர் பெயரைக் காட்டுகிறார்கள். பத்து இலக்க எண்ணைச் சரிபார்ப்பது கஷ்டம், பெயர் பார்த்ததும் பிடிபடும். அந்தப் பெயர் தொகையைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன்.