ஊருணி நீரும் ஊரார் நலமும்

பாளையம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலும் வாழும் நம் மூத்தோர், ஒருவரையொருவர் காணுங்கால் ஸலாம் உரைத்தவுடன் "ஆஃபியத்தாக இருக்கிறீர்களா?" என்று வினவுவர். அரபியில் 'ஆஃபியத்' என்ற சொல்லுக்கும், மன்னிப்பைக் குறிக்கும் 'அஃப்வு' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. மணலில் பதிந்த சுவட்டைக் காற்று துடைத்தழிப்பதையும் அரபிகள் அவ்வேரைக் கொண்டே கூறுவர். தீங்கின் சுவடு நம்மைவிட்டு அழிந்திருக்கும் நிலையே ஆஃபியத் என்று பொருள் கொள்ளலாம். அப்படியாயின், எந்தத் தீங்கு நம் ஊர்களை விட்டு அழிந்தது, எது இன்னும் அழியாமல் நிற்கிறது, அழிந்ததை அழித்தவர் யார் என்ற வினாக்களும் உடன் எழுகின்றன. அரபும் தமிழும் பயிற்றுவித்து ஏறத்தாழ முப்பதாண்டுகளைக் கழித்த நாம், மருத்துவம் கற்றவரல்லேம். எனினும் ஓர் ஊரின் பிள்ளைகளை நாள்தோறும் அருகிருந்து பார்ப்பவனுக்கு அவ்வூரின் உடல்நிலை ஓரளவு தெரியாமற் போகாது.

நம் நிலம் வறண்ட நிலம். கரிசலும் செம்மண்ணும் கலந்த இப்பகுதியில் வற்றாத ஆறு இல்லை. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறும் மழை பெய்தாலன்றி மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தரும் நீரைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி, ஆண்டு முழுதும் அதனை நம்பி வாழ்ந்தவர் நம் முன்னோர். கண்மாய் வயலுக்கும் கால்நடைக்கும், ஊருணி குடிநீருக்கு. படியில் இறங்கிக் குடத்தை அமிழ்த்தி மொண்டு வருவதே அக்கால வழக்கம்.

அப்படிக்கட்டின் வழியாகவே ஒரு நோய் வந்தது. நம் பாட்டனாரின் கணுக்காலுக்கு மேலே, சுருங்கிய நாணயம் போன்ற ஒரு வடு இருந்தது. சிறுவயதில் நாம் கேட்டபோது, "நரம்புச் சிலந்தி" என்று மட்டும் சொன்னார். கால் கொப்புளித்து, நெருப்பாய் எரிந்து, அது உடைந்ததும் வெள்ளை நூல் போன்ற ஒன்று வெளியே தலை நீட்டும். அதனைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக வாரக்கணக்கில் இழுப்பார்கள். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். உழவுக் காலத்தில் இந்நோய் வந்த வீட்டில் அவ்வாண்டு விளைச்சல் இல்லை என்று வீட்டுப் பெண்கள் கூறக் கேட்டிருக்கிறோம்.

பின்னாளில் மதரஸாவில் ஓதியபோது, பேரறிஞர் இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன்' எனும் மருத்துவப் பெருநூலில் இதே நோயைப் பேசியிருக்கிறார் என்பதை அறிந்தோம். அவர் அதற்கு ஆண்ட பெயர் 'அல்-இர்க்குல் மதனீ', அதாவது மதீனத்து நரம்பு. 'இர்க்கு' என்றால் இரத்தக்குழாய், நரம்பு, வேர் என்றெல்லாம் பொருள்படும். அரபு மருத்துவரும் தமிழ் உழவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே இதனை நரம்பென்று அழைத்திருக்கின்றனர். உடலுக்குள்ளிருந்து நூலாக வெளிவருவதைக் கண்டவருக்கு வேறு பெயர் தோன்றியிராது போலும்! இன்றைய உயிரியலார் இப்புழுவுக்கு வழங்கும் 'டிராகன்குலஸ் மெடினென்சிஸ்' என்ற பெயரிலும் மதீனா நகரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது நரம்பன்று, புழுவே. அது எவ்வாறு மனிதனுள் புகுகின்றது என்பதை விளக்கியவர் ருஷ்ய நாட்டு அறிஞர் பெத்செங்கோ, காலம் 1870. எரிச்சல் தாளாமல் நோயாளி காலை நீரில் வைக்கிறான். வைத்த மாத்திரத்தில் புழு தன் குஞ்சுகளை அந்நீரில் விடுகிறது. அவற்றை நீரிலுள்ள 'சைக்ளாப்ஸ்' எனும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுயிர் விழுங்குகிறது. அந்நீரை வடிகட்டாமல் குடிப்பவன் உடலில், ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை நீண்ட புழு காலை நோக்கி வந்து சேருகிறது. நீர் மொள்ள இறங்கிய ஒருவன் கால், ஊர் முழுவதற்கும் அடுத்த ஆண்டின் நோயை விதைத்துவிடும்.

ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதற்பாடம் தஹாரத். அதிலும் முதற்பேச்சு தண்ணீர். ஓடும் நீர், தேங்கிய நீர், குறைந்த நீர், மிகுந்த நீர் என வகுத்து மாணவருக்கு மனனம் செய்விக்கிறோம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. இதனைக் கொண்டு, நுண்ணுயிர் அறிவியல் முழுவதும் அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. பொதுநீரில் ஒருவன் செய்வது அவனோடு முடிவதில்லை. அவனுக்குப் பின் குடிக்க வருபவன்மீதும் அவனுக்குக் கடமையுண்டு என்பதே அப்பாடத்தின் சாரம். ஊழியம் செய்தவர்கள் ஊர் ஊராகச் சென்று நரம்புச் சிலந்தியை ஒழித்ததும் இதே சாரத்தைக் கொண்டுதான்.

அந்நோய்க்கு மருந்தில்லை; தடுப்பூசியும் இல்லை. இன்றும் இல்லை. ஆயினும் அது இந்தியாவை விட்டு ஒழிந்தது. தேசிய ஒழிப்புத் திட்டம் 1983–84இல் தொடங்கியது. தமிழகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் அந்நோய் கண்டிருந்தது. படிக்கிணறுகள் இறைகிணறுகளாக மாற்றப்பட்டன, அடிகுழாய்கள் போடப்பட்டன, குடிநீரைத் துணியில் வடிகட்டும் பழக்கம் வீடுவீடாகக் கற்பிக்கப்பட்டது, புண்ணுள்ளவர் நீரில் இறங்காதபடி தடுக்கப்பட்டனர். தமிழகம் மற்ற மாநிலங்களுக்கு முன்பே, 1980களின் முற்பகுதியிலேயே விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு நற்சான்று வழங்கியது. உலகெங்கும் 1986இல் ஏறத்தாழ 35 லட்சம் பேரை வருத்திய நோய், 2023இல் 14 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. ஒரு முழத் துணியும் அண்டை வீட்டார்மீது கொண்ட அக்கறையும் சாதித்த செயல் இது.

ஒரு தீங்கு போயிற்று. ஆனால் தண்ணீரின் கதை முடியவில்லை. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபின் ஊருணிகளை நாம் மறந்தோம். பல ஊருணிகளில் இன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பாறைக்கடியில் நெடுங்காலம் தங்கிய நீர், பாறையிலுள்ள புளூரைடு எனும் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. பார்வைக்குத் தெளிவாயிருக்கும், நாற்றமில்லை, புழுவில்லை.

இதனை நாம் அறிந்தது நூல்களால் அன்று, எழுத்துகளால். குர்ஆன் ஓதக் கற்பிக்கும் உஸ்தாது மாணவனின் வாயைப் பார்த்தே ஆகவேண்டும். ஸே, புள்ளியுள்ள தால், ளோ ஆகிய மூன்றும் நாநுனி மேல்வாய் முன்பற்களின் விளிம்பைத் தொட்டுப் பிறக்கும் எழுத்துகள். நாக்கு சரியாக நிற்கின்றதா என்று நாள்தோறும் நோக்கிய நமக்கு, சுற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலரின் பற்களில் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் தென்பட்டன. தாய்மார்கள் பல்துலக்கவில்லை என்று பிள்ளைகளை அடித்தனர். கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தும் அக்கறை போகவில்லை. ஒரு சிறுமி வாயை மூடிக்கொண்டே ஓதுவாள். அவளது ஸே, ஸீன் ஆயிற்று. திருத்தத் திருத்தக் கண்ணீர் விட்டாளேயன்றி வாய் திறக்கவில்லை.

பல் மருத்துவர் ஒருவர் விளக்கிய பிறகே விவரம் தெரிந்தது. பல்லின் மேற்பூச்சு ஈறுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் குடித்த நீரே அக்கறைக்குக் காரணம். துலக்குவதால் அது நீங்காது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அளவு மிக மிகுந்து பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையும். இந்தியாவில் இந்நோய் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில்தான் முதன்முதலில் மருத்துவர்களால் விரித்துரைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இது கடுமையாக இருந்தமையால், காவிரி நீரைக் கொண்டுசெல்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. நீரைக் கொதிக்க வைத்தால் எல்லாத் தீங்கும் நீங்கும் என்பர் நம்மவர். புளூரைடு அவ்வாறு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். ஆற்றுநீரோ மழைநீரோதான் எளிய மாற்று. நம் பகுதிக்குத் தாமிரபரணி நீர் குழாய்வழி வருகின்றது. அது வராத நாட்களில் மக்கள் மீண்டும் ஆழ்குழாயை நாடுகின்றனர்.

அச்சிறுமியின் தாயிடம் இவற்றைச் சொல்லி, "அம்மா, பிள்ளைமீது குற்றமில்லை, தண்ணீர்மீதுதான்" என்றோம். அடுத்த வாரம் அவள் வாய் திறந்து ஓதினாள். பல்லின் கறை அப்படியேதான் இருந்தது. எழுத்து மட்டும் தன் இடத்துக்கு வந்தது.

தண்ணீரால் வராத நோய்களும் இன்று நம்மிடையே மலிந்துவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. நாடு முழுவதும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர். இது நகரத்துப் பணக்காரர் நோய் என்ற காலம் மலையேறிவிட்டது. கம்பும் சோளமும் உண்டு காட்டில் உழைத்த உடல், மூன்று வேளையும் அரிசிச் சோற்றுக்கும் இனித்த தேநீருக்கும் மாறியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

ரமலான் வந்தால் இந்நோய் நம் வாசலுக்கே வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர், நோன்பின் நான்காம் நாள் அஸர் வேளையில் பள்ளியின் ஹவுலருகே மயங்கி விழுந்தார். வாயில் சர்க்கரை நீரை ஊற்ற முயன்றவர்களைச் சிலர், "நோன்பு முறிந்துவிடுமே!" என்று தடுத்தனர். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது என்பது வேறு. அதனை அறிந்தல்லவே அவர்கள் தடுத்தனர்! உடனே வண்டி வைத்து மருத்துவமனை கொண்டுபோய்ப் பிழைப்பித்தோம். தேறி வந்த அவர் நம்மிடம், "அசரத்து, அறுபது வருஷம் விடாத நோன்பு. இதை விடச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா?" என்று கேட்டார்.

அவருக்கு அச்சமூட்டி விடைகூற நமக்கு மனம் வரவில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை தந்தவன், நோன்பைக் கடமையாக்கிய அதே இறைவன் என்றோம். அதே அத்தியாயத்தில், அடுத்தடுத்த வசனங்களில் இரண்டும் உள்ளன. ஒன்றை ஏற்று மற்றொன்றை ஏற்க நாணுவது பணிவாகாது. நோன்பு தீங்கு செய்யும் என்று திறமையும் நம்பகமும் உள்ள மருத்துவர் கூறினால் அக்கூற்றைக் கொள்ள வேண்டும் என்பதே சட்ட அறிஞர்களின் முடிபு. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின், விட்ட நோன்புகளுக்கு ஈடாக எத்தனை ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்று கேட்டு, விரல் மடக்கி எண்ணினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அக்கலக்கத்தை எந்த ஃபத்வாவும் நீக்காது என்பதை நாம் அறிவோம்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்துக்கு இங்கே நம் எண்ணம் செல்கிறது. அதன் பத்துக் குறள்களில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. பெரும்பாலானவை உண்ணும் அளவைப் பற்றியவை. இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுக்கிறார் வள்ளுவர்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை இயற்றுபவன். முதல் மூன்றையும் உலகம் நன்கறியும். நான்காமவரை யார் நினைக்கின்றனர்?

நம் ஊர்ப்புறங்களில் அந்நான்காமவர், மக்கள் 'நர்சம்மா' என்றழைக்கும் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. கருவுற்ற பெண்ணைப் பதிவது, புதன்தோறும் தடுப்பூசி போடுவது, பிரசவித்த வீட்டுக்குச் சென்று பார்ப்பது ஆகிய யாவும் அவர் பணி. 1971இல் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 113 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020இல் அவ்வெண் 13. இவ்விறக்கத்துக்குப் பெரிய மருத்துவமனைகள் மட்டும் காரணமல்ல. வெயிலில் தெருத்தெருவாக நடந்த இப்பெண்மணிகளின் கால்களும் காரணம். இரத்தச்சோகையோ இன்னும் குறையவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு அது இருந்தது. நர்சம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரை எத்தனை வீடுகளில் அலமாரியிலேயே உறங்குகின்றது என்பதை நாம் அறிவோம்.

பெரியவர் மயங்கிய மறு ஆண்டு, ஷஃபான் மாதத்திலேயே நர்சம்மா மதரஸா வாசலுக்கு வந்தார். "அசரத்து, நோன்பைத் தடுக்க வரலை. யார் யாருக்கு மாத்திரை நேரம் மாத்தணும்னு டாக்டரைக் கேட்டுச் சொல்லத்தான் பேர் எழுத வந்தேன்" என்றார். அன்றிலிருந்து ரமலானுக்கு முன் ஒரு நாள் நம் வகுப்பறை அவருக்கு ஒழித்துத் தரப்படுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. முதலில் ஆண்கள் மட்டும் வந்தனர்; இப்போது பெண்களே மிகுதி. இவ்விடத்தில் அரசின் பங்கையும் மறுத்தல் ஆகாது. மருந்தை வீடு தேடிக் கொண்டுசேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிற்று; விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆயினும் நடுவணரசு 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் எனக் குறித்தவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்தவை விருதுநகரும் ராமநாதபுரமும்தாம். 1985 வரை ஒரே மாவட்டமாயிருந்த நிலத்தின் பகுதிகள் இவை. தொலைவு இன்னும் மிகுதி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஜமாஅத்துகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிலவே. பள்ளிவாசல், மதரஸா ஆழ்குழாய் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து, முடிவைத் தகவற்பலகையில் எழுதுங்கள். பள்ளியின் மாடிநீரைத் தொட்டியில் சேமியுங்கள். ஊருணியைத் தூர்வார ஊரின் எல்லாச் சமூகத்தாரோடும் கைகோத்து நில்லுங்கள். அந்நீர் என்றும் ஒரு சாராருக்கு உரியதாயிருந்ததில்லை. நர்சம்மாவுக்கு ஓர் அறையும் ஒரு நாற்காலியும் கொடுங்கள். குடிநீர் சோதனைக்கு நாம் அனுப்பிய குப்பியின் முடிவு சென்ற மாதம் வந்தது. புளூரைடு அளவு கூடுதலாகவே இருந்தது. அக்குழாயின்மேல், குளிக்கவும் துவைக்கவும் மட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம். பிள்ளைகள் குடிக்க வேறு பானை வைத்தாயிற்று.