முனியும் முகமூடியும்

பேய் உண்டா இல்லையா என்பது பழைய வினா. அவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டால் பேய்க்கதையின் கணக்கு முடிந்துவிடும் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்தியவை ஒரு சிறுவர் திரைப்படமும், அதனைப் பார்த்திருந்த என் அம்மாயி கூறிய சில வார்த்தைகளுமாகும்.

2003 ஆம் ஆண்டு, பாடசாலை விடுமுறைக் காலம். கண்டி, கட்டுக்கலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு என் அக்காவின் மகள் வந்திருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. மழை விடாது பெய்துகொண்டிருந்தமையால், நகரத்துக் கடையொன்றில் வாடகைக்கு எடுத்துவந்த ‘ஸ்கூபி டூ’ படத்தை மாலையில் எல்லோரும் பார்க்க அமர்ந்தோம். எண்பது வயதைக் கடந்த அம்மாயியும் சுவரோரம் பாய் விரித்து அமர்ந்தார். ஆங்கிலம் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

1969 செப்டெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது ஸ்கூபி டூ என்னும் கேலிச்சித்திரத் தொடர். இரண்டு இளைஞர்கள், இரண்டு யுவதிகள், பேசத் தெரிந்த ஒரு கோழை நாய். இவர்களே அதன் பாத்திரங்கள். பாழடைந்த மாளிகையிலோ கைவிடப்பட்ட சுரங்கத்திலோ பேய் ஒன்று தோன்றும். ஐவரும் அலறி ஓடுவர். பின்னர் தடயங்களைத் தேடுவர். ஈற்றில் பேயைப் பிடித்து முகமூடியைக் கழற்றுவர். உள்ளே இருப்பவன் அனேகமாக அயலவன் ஒருவன். பிறரை விரட்டிவிட்டு நிலத்தையோ புதையலையோ தனதாக்கிக்கொள்வதற்காகப் பேய் வேடம் பூண்டவன் அவன். அச்சத்தை விற்று ஆதாயம் தேடுவோர் பற்றிய பாடமொன்றைச் சிரிப்பினூடே சிறுவர்க்குப் புகட்டிய தொடர் அது.

எனக்கு அப்பாடம் வேறு வழியில் முன்னரே வாய்த்திருந்தது. கேரளத்திற் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, 1978 இல் மறைந்த டொக்டர் ஆபிரகாம் கோவூரின் கட்டுரைகளைத் தமிழிற் படித்து நான் பகுத்தறிவாளன் ஆனேன். தெய்வீக ஆற்றலை மோசடிக்கு இடமற்ற சூழலில் நிரூபிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அவர் விடுத்த சவாலை எவரும் வெல்லவில்லை என்பது எனக்கு வேதவாக்காயிற்று. வாசித்ததைச் செயலிற் காட்டவேண்டும் என்ற வேகமும் பதினாறு வயதுக்கே உரிய கர்வமும் கூடிக்கொண்டன.

அம்மாயி அக்காலத்தில் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்தார். அத்தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் பின்னால், வாய்க்காலோரத்தில் ஒரு கருங்கல் நின்றது. அதனை ரோதை முனி என்பர். ரோதை என்றால் சில்லு. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். மலையகத் தொழிற்சாலைகளின் சக்கரங்களைக் காக்கும் தெய்வம் ரோதை முனி. கவ்வாத்து வெட்டுவோர்க்குக் கவ்வாத்துச் சாமி இருப்பது போல என்க. இராவேலைக்குச் செல்வோர் அக்கல்லுக்கு வெற்றிலை வைக்காமற் செல்வதில்லை. 1989 இல், ஒரு விடுமுறை இரவில், நான் தனியே சென்று கல்லின் மேலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து, லயத்தார் பார்க்க இரண்டாக அறுத்துத் தேநீரிற் பிழிந்து குடித்தேன். “பாத்தீங்களா, எனக்கு ஒன்னும் ஆகல!” என்று முழங்கினேன். சிலர் திட்டினர், சிலர் சிரித்தனர். அம்மாயி மாத்திரம் ஒன்றும் பேசாது அடுப்படிக்குச் சென்றுவிட்டார். என் வாதத்துக்கு அவரிடம் விடை இல்லை என்றே நான் நினைத்தேன்.

அன்று மாலை பார்த்த படம் 1998 இல் வெளிவந்தது. ‘ஸொம்பி’ எனப்படும் நடைபிணங்கள் உலவும் தீவொன்றைப் பற்றியது. அமெரிக்காவின் லூசியானாச் சதுப்புநிலத்தில், மிளகாய்த் தோட்டமொன்றின் நடுவே நிற்கும் துரைமார் வீட்டுக்கு நண்பர்கள் விருந்தினராகச் செல்கின்றனர். இரவில் சேற்றிலிருந்து பிணங்கள் எழுகின்றன. வழக்கம்போல் ஒருவன், இது இன்னாருடைய வேடம் என்று கூறிப் பிணத்தின் முகத்தைப் பிடித்து இழுக்கிறான். முகமூடிக்குப் பதிலாகத் தலையே கையோடு வந்துவிடுகிறது! முப்பதாண்டுக்கால வாய்பாடு அந்தக் கணத்தில் உடைகிறது. மருமகள் வீரிட்டு என் மடியில் முகம் புதைத்தாள்.

அப்போதுதான் அம்மாயி வாய் திறந்தார்.

“பயப்படாத கண்ணு. அதுக கெட்டதுக இல்ல. அங்க செத்துப்போனதுக. ‘இங்க இருக்காதீங்க, ஓடிருங்க’ன்னு சொல்லத்தான் வருதுக. அந்த வீட்டுக்காரியத்தான் பாத்துக்கணும்.”

நான் வியந்துபோனேன். கதையின் முடிச்சு அதுவேதான். இனிய முகத்தோடு விருந்தளிக்கும் வீட்டுத் தலைவியும் அவளுடைய பணிப்பெண்ணுமே கொலைகாரர். தம் ஆயுளை நீட்டிக்க வருவோரின் உயிரை உறிஞ்சும் பூனை வடிவினர். எழுந்து வந்த பிணங்களோ அவர்களுக்கு முன்னர் பலியானோர், எச்சரிக்கவே வந்தோர். மொழி தெரிந்த நாங்கள் அறியுமுன்னர், மொழி தெரியாத அவர் அதனை எவ்வாறு அறிந்தார்?

மருமகள் உறங்கிய பின் இதனைக் கேட்டேன். அம்மாயி சிறிது நேரம் பேசவில்லை.

“தம்பி, நீ பழத்த எடுத்துக்கிட்டு வந்தியே, அந்தக் கல்லு எங்க அப்பாவுக்கு வெச்ச கல்லு. ரோதையில மாட்டிக்கிட்டாரு. எனக்கு அப்ப ஏழு வயசு. பேரு வெட்டிக் கல்லு வைக்க நமக்கு ஏது வக்கு? வெறுங்கல்லுன்னா தொரை புடுங்கிப் போட்டுருவாரு. முனின்னு சொன்னா எவனும் தொட மாட்டான்.”

“அன்னிக்கே ஏன் சொல்லல அம்மாயி?”

“நீ படிச்ச புள்ள. சந்தோசமா இருந்த.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தொடரில் வரும் மோசக்காரன் பிறர் நிலத்தைப் பறிக்கப் பேயை உண்டாக்குகிறான். என் முன்னோர் ஒரு சாண் நிலத்தைக் காக்க முனியை உண்டாக்கினர். இரண்டும் ஒரே உபாயம்; கையாண்ட கைகள் வேறு. பேய் பொய் என்று நிறுவியதோடு நான் நின்றுவிட்டேன். அப்பொய்யை யார், எதன்பொருட்டுச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கோவூர் இருந்திருப்பின் கேட்டிருப்பார் என்றே எண்ணுகிறேன்; பேய்க்கதைகளைச் சொன்ன மனிதரின் துயரத்தை ஆராய்ந்தவர் அவர்.

தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள பிரித்தானியர் கால இடுகாட்டுக்குச் செல்லும் போதெல்லாம் இந்நினைவு வரும். அங்கு அடக்கமானோருள் 1856 இல் காட்டுயானை தாக்கி இறந்த ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் ரொபர்ட்சனும் ஒருவர். அவருடைய பெயரும் அவர் இறந்த விதமும் இன்றைக்கும் நமக்குத் தெரிகின்றன. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வாந்திபேதியால் வழியில் மாண்டோர் எத்துணையர்! அவர்தம் பெயர்களைச் சொல்ல வழியோரத்திற் கல் இல்லை.

முனியை நான் இன்றும் நம்புவதில்லை. ஆயினும் அம்மாயி மறைந்த ஆண்டில், மருமகளை அழைத்துக்கொண்டு அத்தோட்டத்துக்குச் சென்றேன். தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது, கூரைத் தகரங்களும் போய்விட்டன. வாய்க்காலில் நீர் இல்லை. கல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதன்மேல் யாரோ வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று வாடாமல் இருந்தது. வைத்தவருக்கு என் பூட்டனாரின் பெயர் தெரிந்திராது. நான் கொண்டுசென்ற பழத்தையும் அதனருகில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.